பேசக் கொடுத்த நேரம்

“டிகிரி முடிச்ச பிள்ளை எண்டு சொன்னவை. நல்லது. காது கேக்குமோ?”

லண்டன் குரோய்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஹெட்போனைத் திரும்பவும் காதில் மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு முகம் சூடேறியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போய் அரசியல் படித்தேன். பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிய அன்று, அதைப் பைக்குள் வைக்காமல், எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு லூயிஷாம் சந்தை முழுக்க நடந்து வீட்டுக்குப் போனேன். பஸ் இருந்தது. வேண்டுமென்றேதான் நடந்தேன்.

அப்படிப்பட்டவளிடம் காது கேட்குமா என்று ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்த ஒபிஸில் தமிழர் நாங்கள் இருவர் மட்டுமே. அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. நீண்ட காலம் ஜெர்மனியில் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவுக்கு வந்து சேர்ந்தவர்.

எங்கள் வேலையை வீட்டில் விளங்கப்படுத்த எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பெரிய கம்பனிகள், தங்களைப் பற்றித் தொலைக்காட்சியில் யார் என்ன சொல்கிறார்கள் என்று அறிவதற்காகப் பணம் கட்டும். நாங்கள் அமெரிக்க அலைவரிசைகளின் செய்திகளைப் பதிவு செய்து, பார்த்து, அட்டவணை போட்டு அனுப்புவோம். அங்கே ஆட்கள் படுத்திருக்கும் நேரம் எங்களுக்குக் காலை. முந்தின நாள் மாலை அங்கே ஒளிபரப்பான செய்திகளை நாங்கள் மத்தியானத்துக்குள் பார்த்து முடித்தால், அவர்கள் எழும்பிக் கோப்பி குடிக்கும்போது அறிக்கை கையில் இருக்கும். அட்டவணையில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை. பேசியவர் யார், சார்பாகப் பேசினாரா, எதிராகப் பேசினாரா, எவரையும் சாராத சுயாதீனமானவரா என்று கட்டம் கட்டமாக நிரப்பவேண்டும்.

“டீவி பாக்கிறதுக்குச் சம்பளமோ?” என்று அம்மா கடைசிவரை நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டொப்வோட்ச் தொங்கும். விளையாட்டு மாஸ்டர்மார் போடுவதுபோலக் கறுப்புக் கயிற்றில் கட்டியது. எங்களுக்கு அது தேவையே இல்லை. ஒவ்வொரு செய்தியும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கம்பியூட்டரே காட்டும். அதை நான் சொன்னபோது அக்கா ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினார்.

“செய்தி ரெண்டு நிமிசம் எண்டு அது சொல்லும். அதுக்குள்ளை ஆரின்ரை வாய் எவ்வளவு நேரம் திறந்தது எண்டு சொல்லுமோ?”

அதுதான் அவர் அளந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் பேசக் கிடைத்த நேரம். சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றில் அதை எழுதிக்கொண்டே வருவார். யாரும் கேட்டு எழுதியதில்லை, யாரிடமும் அதைக் காட்டியதும் இல்லை.

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்த வருடம் அது. ஒரு வேட்பாளர் தொழிற்சாலை மூடப்பட்ட ஊர் ஒன்றில் முக்கால் மணி நேரம் பேசினார். மருந்து விலையைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசியிருந்தார். அன்றைய மாலைச் செய்தியில் அந்தக் கூட்டத்தைக் காட்டினார்கள். செய்தியாளர் மேடைக்கு முன்னால் நின்று பேசினார். பிறகு ஸ்டூடியோவில் இருவர், வேட்பாளர் களைத்துப்போய்த் தெரிகிறாரா இல்லையா என்று வாதாடினார்கள். பிறகு விளம்பரம். அக்காவின் கடிகாரம் இரண்டு தரம் ‘டிக்’ என்றது.

“பதினொண்டு,” என்றார்.

“என்ன பதினொண்டு, அக்கா?”

“செக்கன். அந்தாளின்ரை சொந்தக் குரல். மிச்சம் முழுக்க அந்தாளைப் பற்றி மற்றவை கதைச்சது. பிறகு வந்த மூட்டுவலிக் குளிசை விளம்பரத்தைக் கேட்டனியோ? தலை சுத்தும், சத்தி வரும், ஈரல் பழுதாகும் எண்டு வாசிச்சாங்களே, அதுக்கு இருபத்திரண்டு. குளிசையின்ரை குறையைச் சொல்லக் குடுக்கிற நேரத்திலை பாதிதான் நாட்டை ஆள வாறவருக்கு.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஊடக நிறுவனங்கள் யாருக்குச் சொந்தம், விளம்பர வருமானம் செய்தித் தேர்வை எப்படிப் பாதிக்கிறது என்று இதற்கென்றே கோட்பாடுகள் இருக்கின்றன என்றும், நான் அதில் கட்டுரை எழுதி நல்ல புள்ளி எடுத்தேன் என்றும் விளக்கத் தொடங்கினேன். முடித்தபோது அக்கா கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒண்டரை நிமிசம். இடையிலை விளம்பரமும் இல்லை. நீ குடுத்துவைச்சனி.”

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“அக்கா, நீங்கள் நினைக்கிற மாதிரி நேரடியா ஒண்டும் நடக்கிறேல்லை. மருந்துக் கம்பனிக்காரர் ஆரும் போன் எடுத்து, இவரைக் காட்டாதேங்கோ எண்டு சொல்லுறேல்லை.”

“போன் எடுக்கத் தேவையில்லை எண்டுதானே பிள்ளை நானும் சொல்லுறன்.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏழாம் மாடி யன்னலோரம் இருப்போம். கீழே ட்ராம் போகும். எதிரே, விசா அலுவல்கள் பார்க்கும் பெரிய அரச கட்டிடம். அப்பா ஒரு காலத்தில் அந்த வாசலில் வரிசையில் நின்றவர். அதே தெருவில் கழுத்தில் ஒபிஸ் அட்டை போட்டுக்கொண்டு போவது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அக்காவிடமும் சொன்னேன். அவர் பாணைக் கறியில் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஜெர்மனியில் தான் ஆணி பொதி செய்யும் தொழிற்சாலையில் நின்றதைச் சொன்னார். ஒரு பெட்டிக்கு எத்தனை செக்கன் என்று பார்க்க, பின்னால் ஒருவன் கடிகாரத்தோடு நிற்பானாம். மூக்கைச் சொறிந்தாலும் குறிப்பானாம்.

“அங்கை என்னை அளந்தாங்கள். இஞ்சை நான் அளக்கிறன். அவ்வளவுதான் என்ரை முன்னேற்றம்,” என்றார்.

அவருடைய அளவுக்குள் எல்லாமே வந்தன. ‘ஒரு நிமிடம் மட்டும்’ என்று சொல்லிக் கூட்டம் தொடங்கும் எங்கள் மனேஜருக்கு, முடிவில் கடிகாரத்தை உயர்த்திக் காட்டுவார். அவர் வெட்கத்தோடு சிரிப்பார். நல்ல மனிதர், வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் கேக் வாங்கி வருபவர். ஊருக்குப் பேச வாங்கும் டெலிபோன் அட்டையையும் அக்கா அளந்தார்.

“அறுபது நிமிசம் எண்டு அட்டையிலை போட்டிருக்கு. முப்பத்தெட்டிலை வெட்டிறாங்கள். அம்மா ‘இஞ்சை மழை’ எண்டு சொல்லேக்கை வெட்டிப்போட்டாங்கள். மழை வந்ததோ, வரேல்லை எண்டு சொல்ல வந்தவவோ, ஒரு கிழமையா எனக்குத் தெரியாது.”

அட்டையின் பின்பக்கத்து எண்ணுக்கு அவர் ஐந்து தரம் போன் எடுத்து முறையிட்டார். காத்திருக்க வைத்த நேரத்தையும் அளந்து, ஆறாம் தரம் அதையும் சேர்த்துச் சொன்னார். ஒரு புது அட்டை தபாலில் வந்தது. அது நாற்பதில் வெட்டியது.

ஒருமுறை லூயிஷாமில் ஒரு மண்டபத்தில் தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழா. என் சித்தியின் மகள் ஆடினாள் என்பதால் அம்மாவோடு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். விழாவுக்குச் செலவு செய்த நகைக்கடைக்காரர் மேடையில் ஏறியவர் இறங்கவில்லை. அவர் இறங்கியபோது மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. பிள்ளைகளின் நடனத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அக்கா எழும்பி நேரே அவரிடம் போனார்.

“அண்ணை, நீங்கள் பதினாலு நிமிசம். பிள்ளையள் நாலு.”

“தங்கச்சி, மண்டபத்துக்குக் காசு குடுத்தது ஆர்?”

“நீங்கள்தான். அதையும் பக்கத்திலை எழுதிப்போட்டன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நகைக்கடைக்காரரும் சிரித்தார். அம்மா மட்டும் என் கையைக் கிள்ளி, “உந்தப் பொம்பிளைக்குப் பக்கத்திலையோ பிள்ளை நீ ஒவ்வொரு நாளும் இருக்கிறாய்?” என்று கேட்டார்.

அதற்கடுத்த வருடம் என்னை மேற்பார்வையாளராக்கினார்கள். மற்றவர்கள் போடும் அட்டவணைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பும் வேலை. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். அக்காவின் அட்டவணையும் என்னிடம்தான் வரும். அவர் அதை ஒரு குறையாக எடுத்ததாகத் தெரியவில்லை. “கையெழுத்து வடிவாப் போடு, படிச்ச கை,” என்றார்.

அந்தக் கோடையில் அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதிச் சட்டம் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. எங்களுக்குப் பணம் கட்டுபவர்களில் ஒரு காப்புறுதிக் கம்பனியும் இருந்தது. ஒரே கிழமையில் மூன்று அலைவரிசைகளில் நரைத்த தாடியோடு ஒருவர் வந்தார். கீழே ‘மருத்துவக் கொள்கை நிபுணர்’ என்று எழுத்து ஓடியது. அரசாங்கம் காப்புறுதிக்குள் கைவைத்தால் மக்கள் தங்கள் டொக்டரையே இழந்துவிடுவார்கள் என்று மெல்லிய குரலில், கவலையோடு சொன்னார். யாரும் அவரை இடைமறிக்கவில்லை.

“நாலு நிமிசம்,” என்றார் அக்கா. “ஒருத்தருக்கும் கிடைக்காத நேரம். உவர் ஆர்?”

பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கேட்டார். “உந்தக் குரலை நான் முதலே கேட்டிருக்கிறன்.”

இரண்டு நாள் தேடினார். சில மாதங்களுக்கு முன் அதே காப்புறுதிக் கம்பனி தன் பங்குதாரர் கூட்டத்தின் ஒலிப்பதிவைத் தன் இணையத்தளத்தில் போட்டிருந்தது. நாங்கள் அதற்கும் அட்டவணை போட்டிருந்தோம். கேள்விகளுக்குப் பதில் சொன்ன குரல் இவருடையது. கம்பனியின் வருடாந்த அறிக்கையில், கடைசிப் பக்கத்தில், இயக்குநர் சபைப் பட்டியலில் இவருடைய பெயர் இருந்தது. ஒளித்து வைத்த விசயம் ஒன்றும் இல்லை. யார் தேடினாலும் கிடைக்கும். தொலைக்காட்சிதான் சொல்லவில்லை.

அக்கா ‘பேசியவர் யார்’ என்ற கட்டத்தில் அதை அப்படியே எழுதினார். நிபுணர் என்று அலைவரிசை சொல்கிறது, இவர் இந்தக் கம்பனியின் இயக்குநர், அதை அலைவரிசை சொல்லவில்லை. ‘சுயாதீனமானவர்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ போட்டார். நான் சரிபார்த்தேன். உண்மையாக இருந்தது. கையெழுத்திட்டு அனுப்பினேன்.

அடுத்த நாள் மனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கம்பனியிலிருந்து பேசினார்களாம். அக்கா எழுதியது பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படி ஒரு குறிப்பு தங்களுக்குத் தேவையில்லை என்றார்களாம். எங்கள் அட்டவணையில் சுயாதீனமானவர்கள் என்று வருகிறவர்களைக் கூட்டி, அந்தத் தொகையைத்தான் அவர்கள் சட்டம் எழுதுகிறவர்களின் ஒபிஸுகளுக்குக் கொண்டுபோவார்கள். தங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத இத்தனை நிபுணர்கள் தங்கள் பக்கம் நிற்கிறார்கள் என்று காட்டுவார்கள். மனேஜர் இதை மிகவும் பொறுமையாக, ஒரு மாணவிக்குச் சொல்வதுபோல விளக்கினார். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு ‘சுயாதீனமானவர்’ என்று மாற்றவேண்டும். மாற்றம் செய்தால் அதற்கு ஒரு திருத்தப் படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் ‘பதிவாளரின் தவறு’ என்று போட்டால் போதும் என்றார். பதிவாளர் என்றால் அட்டவணை போட்டவர், அக்கா.

எழும்பும்போது, “உன் நிரந்தரக் கடிதம் வெள்ளிக்கிழமை வருகிறது, வாழ்த்துகள்,” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தோசமாகச் சொன்னார்.

நான் என் இடத்துக்கு வந்து அட்டவணையைத் திறந்தேன். அழித்தேன். ஒரு சொல்லைப் போட்டேன். படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டேன். பக்கத்து நாற்காலியில் அக்கா ஹெட்போனோடு இருந்தார்.

மத்தியானம் யன்னலோரத்தில் அவர் கேட்டார்:

“எவ்வளவு நேரம் யோசிச்சனி?”

“எதை?”

“மாத்துறதுக்கு.”

“கனநேரம் யோசிச்சனான் அக்கா.”

அவர் கழுத்துக் கயிற்றைத் தூக்கி, கடிகாரத்தை என் பக்கம் திருப்பினார். அழிக்காமல் வைத்திருந்தார்.

“நாப்பத்தொரு செக்கன்.”

குரலில் கோபம் இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். இல்லை. வேட்பாளரின் பதினொன்றைச் சொன்ன அதே குரல்.

“அக்கா, எனக்கு வீடு இருக்கு. அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் நான் எண்டுதான் இருக்கினம்.”

“எனக்கும் வீடு இருக்கு. பிளேஸ்டோவிலை, வாடகைக்கு.” சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். “நான் எழுதினது பிழையோ?”

“இல்லை.”

“பேப்பரிலை பிழை எண்டு கிடக்கு.”

“அது சும்மா ஒரு படிவம், அக்கா. ஒருத்தரும் பாக்கமாட்டினம்.”

பார்த்தார்கள். மாத முடிவில் அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணமாகக் காட்டியது அந்தப் படிவத்தைத்தான். கடைசி நாளும் அவர் தன் பங்குச் செய்திகளைக் கேட்டு முடித்து, அட்டவணையை எனக்கு அனுப்பினார். நாற்காலியில் போட்டிருந்த சின்ன மெத்தையை ஒரு பைக்குள் திணித்துக்கொண்டு எழும்பினார். லிஃப்ட்வரை கூடப் போனேன். பிறகு போன் எடுக்கிறேன் என்றேன்.

“எடு,” என்றார். “முப்பத்தெட்டு நிமிசத்துக்குள்ளை சொல்லி முடி.”

நான் எடுக்கவில்லை. நிரந்தரக் கடிதம் வந்தது. அம்மா கோயிலில் அருச்சனை செய்து, கோயிலுக்கு வந்த எல்லோருக்கும் சொன்னார். நரைத்த தாடிக்காரர் அந்த இலையுதிர் காலம் முழுக்க வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தரமும் அவரைச் சுயாதீனமானவர் என்று அனுப்பினேன். பதின்மூன்று தரம். பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய கட்டுரையை ஒருநாள் எடுத்து வாசித்தேன். நல்ல கட்டுரைதான். அதில் எல்லோரையும் பற்றி எழுதியிருந்தேன். எங்கள் ஒபிஸைப் போன்ற ஓரிடத்தில் இருந்து கட்டம் நிரப்புகிறவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சென்ற வெள்ளிக்கிழமை, கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து என் மேசைக்கு ஒரு படிவம் வந்தது. அங்கே டெலிபோன் இணைப்பு கொடுக்கும் வேலைக்கு அக்கா விண்ணப்பித்திருக்கிறார். முன்னைய மேற்பார்வையாளர் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறார். வேறு யாருடைய பெயரையும் கொடுக்க அவருக்கு வழி இருந்திருக்காது. அதன் ஐந்தாவது கேள்வி, இவர் வேலையில் கவனக்குறைவான தவறு செய்து ஒப்பந்தம் முடிந்ததா என்பது. ஒபிஸ் கோப்பின்படி பதில் ஆம். அப்படி எழுதினால் அந்த வேலை அவருக்குக் கிடைக்காது. இல்லை என்று மட்டும் எழுதினால், கோப்பில் என் கையெழுத்தோடு இருப்பது என்ன?

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை ஒபிஸுக்குப் போய் ஐந்தாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினேன். கீழே, அவர் எழுதியது சரி, சரியானதை அழித்து அதைத் தவறு என்று பதிந்தது நான் என்று எழுதினேன். மற்றக் கேள்விகளுக்கும் பதில் எழுதினேன். செவித்திறன் எப்படி என்று ஒரு கேள்வி இருந்தது, அதற்கு மட்டும் அரைப் பக்கம். பிறகு அந்தப் பதின்மூன்று அட்டவணைகளையும், அக்கா போட்ட முதல் அட்டவணையையும் திறந்து, ஒவ்வொன்றிலும் அந்தத் தாடிக்காரர் எந்தக் கம்பனியின் இயக்குநர் என்பதை எழுதிக் கம்பனிக்கு அனுப்பினேன். அமெரிக்காவில் அவர்கள் இன்னும் எழும்பியிருக்கவில்லை. படிவத்தைத் தெருமுனைத் தபால்நிலையத்தில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு மேலே வந்தேன்.

மனேஜரின் கதவு திறந்திருந்தது. படிவத்தினதும் அட்டவணைகளினதும் பிரதிகளை அவருடைய மேசையில் வைத்து, அவர் வாசித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.